கேம் டிசைன் படிக்கலாமா? பிளஸ் டூ முடித்தவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ முடிவு வெளியாகும் மே மாதத்தில் தொடங்கி, கல்லூரிகள் திறக்கும்வரை எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இதைப் பற்றித்தான். கேம் நிறுவனத்தில் புரொடக்‌ஷன் பக்கம் வேலை பார்த்துவிட்டு, இப்போது அதையே மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறேன். அதனால் உறவினர்கள், அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று எல்லோருக்கும் நான்தான் விசாரணை அலுவலகம். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன். பதில்களில் என் சாய்வு தெரியும், மறைக்கப்போவதில்லை.

எங்கள் பையன் எந்நேரமும் கேம்தான் விளையாடுகிறான். அவ்வளவு ஆசை இருப்பவனை அதையே படிக்க வைத்துவிடலாமா?

விளையாடும் ஆசை வேறு, விளையாட்டை உருவாக்கும் ஆசை வேறு. இந்தத் துறையில் இருப்பவர் ஒரே கட்டத்தை, அதுவும் பாதி உடைந்து கிடக்கும் கட்டத்தை, மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப ஆடிப் பார்க்க வேண்டியிருக்கும். அதில் சலிக்காதவர்கள் குறைவு.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, செலவும் இல்லை. ஆடுபுலி ஆட்டத்துக்கு 3 புலி, 15 ஆடு. ஓர் ஆட்டை எடுத்து வைத்துவிட்டு, 14 ஆடுகளோடு பல முறை ஆடச் சொல்லுங்கள். யார் வென்றார்கள், எந்த இடத்தில் ஆட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு கட்டத்தில் உள்ள கோடுகளில் ஒன்றை அழித்துவிட்டு மறுபடியும் ஆடட்டும். “இதெல்லாம் எதற்கு?” என்று எழுந்து போய்விட்டால் அவன் விளையாட்டுப் பிரியன், அவ்வளவுதான், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஓர் ஆடு குறைந்ததற்கு ஆட்டம் ஏன் இப்படி மாறுகிறது என்று அவனே கேட்கத் தொடங்கினால், மேற்கொண்டு படியுங்கள்.

கேம் டிசைன் என்றால் படம் வரைவதா, கோடிங் எழுதுவதா?

இரண்டும் இல்லை. ஆட்டத்தின் விதிகள், எண்கள், கட்டங்களின் அமைப்பு ஆகியவற்றைத் தீர்மானிப்பவர்தான் டிசைனர். ஓர் எடுத்துக்காட்டு: மேடைக்கு மேடை தாவிச் செல்லும் விளையாட்டுகளில், விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் வந்த பிறகும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குத் தாவ அனுமதிப்பார்கள். துறைக்குள் இதைக் ‘கயோட்டி டைம்’ என்பார்கள். ஆடுபவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதை எடுத்துவிட்டால் மட்டும் “இந்த கேம் சரியில்லை, பட்டன் வேலை செய்யவில்லை” என்பார். அந்தப் பத்தில் ஒரு பங்கை யோசித்து, சோதித்து, எழுதி வைப்பது டிசைனரின் வேலை. அதைக் கணினிக்குப் புரியவைப்பவர் புரோகிராமர். தாவும் உருவத்தை உருவாக்குபவர்கள் ஆர்ட்டிஸ்டும் அனிமேட்டரும். படமும் நிரலும் முட்டிக்கொள்ளும் இடத்தைச் சரிசெய்பவர் டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட். இவர்களோடு ஒலி அமைப்பவர், பிழை தேடும் டெஸ்டர், எல்லோரையும் ஒருங்கிணைக்கும் புரொடியூசர்.

படிப்பின் பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ‘கேம் டிசைன்’ என்று பலகை வைத்துள்ள பல படிப்புகளில் உள்ளே நடப்பது கேம் ஆர்ட்: முப்பரிமாண மாடலிங், டெக்ஸ்ச்சர், லைட்டிங். அது மோசமான படிப்பு அல்ல, வேலையும் கிடைக்கும். ஆனால் விதிகளை வடிவமைக்கும் ஆசையோடு வந்த பிள்ளை மூன்று ஆண்டுகள் பீப்பாயும் பாறையும் செய்துகொண்டிருந்தால் நொந்துபோவான். பாடத்திட்டத்தைக் கையில் வாங்கி, பருவம் பருவமாகப் படித்துப் பாருங்கள்.

பாடத்திட்டத்தில் ‘புரொடக்‌ஷன்’ என்று தனியாக ஒரு தாள் இருக்கிறதே, அதில் என்ன சொல்லித்தருவார்கள்?

யார், எதை, எந்தத் தேதிக்குள், யாருக்காகக் காத்திருந்து முடிக்க வேண்டும் என்பதைத்தான். முதலில் புரோட்டோடைப், அதாவது அழகில்லாத, ஆனால் ஆடிப் பார்க்கக்கூடிய வடிவம். அடுத்தது வெர்ட்டிக்கல் ஸ்லைஸ்: முழு விளையாட்டும் எப்படி இருக்கும் என்று காட்ட, ஒரே ஒரு பகுதியை மட்டும் இறுதித் தரத்தில் முடிப்பது. பின்னர் எல்லா அம்சங்களும் உள்ளே வந்துவிட்ட ஆல்ஃபா, புதிதாக எதையும் சேர்க்காமல் பிழைகளை மட்டும் களையும் பீட்டா, வெளியீடு. ஒவ்வொரு கட்டத்திலும் எதை வெட்டுவது என்று முடிவெடுப்பதுதான் இதில் கடினமான பாடம்.

என்னைக் கேட்டால் கல்லூரியில் படிக்கவேண்டிய முதல் பாடமே இதுதான். மாணவர்கள் திறமை இல்லாமல் தோற்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. 20 கட்டங்கள், 5 எதிரிகள், பல்லாயிரம் வீரர்கள் மோதும் போர்க்களம் என்று தொடங்கி, ஒரு கட்டம்கூட முடியாமல் நின்றுபோவதைத்தான் ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

கணக்கு எனக்கு வராது. பிளஸ் டூவில் வணிகவியல் படித்தேன். சேர முடியுமா?

சேரலாம். பி.எஸ்சி., பி.டெஸ். (வடிவமைப்புப் பட்டம்) வகைப் படிப்புகள் பெரும்பாலானவற்றில் எந்தப் பிரிவு மாணவரும் சேர முடியும். பி.டெக். என்றால் மட்டும் கணிதம் வேண்டும்.

ஆனால் கணக்கே வேண்டாம் என்று நினைத்து வராதீர்கள். ஒரு புதையல் பெட்டியில் அரிய வாள் கிடைக்க 10 சதவீத வாய்ப்பு என்று வைக்கிறோம். பத்துப் பெட்டிகள் திறந்தால் எல்லோருக்கும் ஒரு வாள் கிடைத்துவிடும் என்றுதான் மனம் நினைக்கும். உண்மையில் பத்துப் பெட்டிகள் திறந்தும் நூறு பேரில் ஏறத்தாழ 35 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். அந்த 35 பேர்தான் கோபத்தில் விளையாட்டை அழித்துவிட்டுப் போகிறவர்கள். டிசைனருக்கு இந்த அளவு நிகழ்தகவும் ஒரு விரிதாளும் போதும். புரோகிராமருக்கு வெக்டர், முக்கோணவியல், அணிகள் எல்லாம் அன்றாடச் சாமான்கள். ஆர்ட்டிஸ்டுக்கு உடற்கூறும் ஒளி நிழலும் தெரிந்தால் கணக்கு குறைவாகவே தேவைப்படும்.

எங்கே படிப்பது? அரசுக் கல்லூரி உண்டா?

இளநிலையில், கேமுக்கென்றே தனியாக உள்ள அரசு இடங்கள் குறைவு. வடிவமைப்பை அடித்தளமாகப் படிக்க விரும்பினால் ஐஐடி பம்பாய் நடத்தும் யூசீட் தேர்வை எழுதலாம். எந்தப் பிரிவில் பிளஸ் டூ படித்தவர்களும் எழுதலாம். மும்பை, டெல்லி, கவுஹாத்தி, ஹைதராபாத் ஐஐடிகளின் பி.டெஸ். இடங்கள் இதன் மூலம் நிரம்புகின்றன. அது கேம் படிப்பு அல்ல, ஆனால் அங்கிருந்து கேம் பக்கம் திரும்புவது எளிது. முதுநிலை என்றால் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யின் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைனில் எம்.டெஸ். இருக்கிறது. ஏதாவது ஒரு பட்டம் முடித்துவிட்டு, அதன் நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேம் துறைகளுக்கென்று மத்திய அரசின் ஆதரவோடு ஐஐசிடி என்ற நிறுவனம் மும்பையில் 2025இல் தொடங்கியிருக்கிறது. சென்னை தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் படிப்பு உண்டு. ஆர்ட் பக்கம் போக நினைப்பவர்கள் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மீதி எல்லாம் தனியார்தான். அங்கேதான் அடுத்த கேள்வி வருகிறது.

‘நூறு சதவீத வேலை உத்தரவாதம்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். கட்டணம் பல லட்சம். எப்படி நம்பிப் பணம் கட்டுவது?

விளம்பரத்தை நம்பிக் கட்டாதீர்கள். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: “சென்ற ஆண்டு இறுதியாண்டு மாணவர்கள் செய்த கேம்களைக் கொடுங்கள், உட்கார்ந்து ஆடிப் பார்க்கிறோம்.” வீடியோ காட்டினால் ஏற்காதீர்கள். ஒரு கணினியில் திறந்து, உங்கள் பிள்ளையின் கையில் கொடுத்து, தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஆடவிட வேண்டும். அப்படிக் கொடுக்க நாலைந்து கேம்கள்கூட இல்லாத இடத்தில், ஏசி ஆய்வகத்தையும் சுவரில் மாட்டிய நிறுவனச் சின்னங்களையும் வைத்து என்ன செய்வது? என் அனுபவத்தில் இந்தக் கேள்விக்கு வரும் மௌனம், அங்கே தரப்படும் கையேட்டைவிட அதிகம் சொல்லும்.

அடுத்தது பட்டம். பயிற்சி மையம் தருவது சான்றிதழ். பட்டம் தருவது பல்கலைக்கழகம். எந்தப் பல்கலைக்கழகம், யுஜிசி பட்டியலில் இருக்கிறதா, நேரடி வகுப்பா அல்லது தொலைதூரக் கல்வியில் ஒரு பட்டத்தை ஒட்டவைத்திருக்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பாடம் நடத்துபவர்கள் வெளியான ஏதாவது ஒரு கேமில் வேலை செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். வெளியான கேம்களில் பங்களித்தவர்களின் பட்டியல் இருக்கும். பெயரைத் தேடினால் கிடைத்துவிடும். முழுக் கட்டணத்தையும் முதலிலேயே கட்டச் சொன்னால் தள்ளுபடிக்கு மயங்காமல் பருவக் கட்டணமாகக் கேளுங்கள்.

இந்தப் பட்டத்தை வைத்து டி.என்.பி.எஸ்.சி. எழுத முடியுமா?

அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் பட்டம் என்றால், ‘ஏதேனும் ஒரு பட்டம்’ கேட்கும் தேர்வுகளை எழுதலாம். வெறும் சான்றிதழ் படிப்பு என்றால் முடியாது. மேலே பட்டம் பற்றிச் சொன்னதை இதற்காகவும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இது ஆன்லைன் ரம்மி மாதிரியான தொழில்தானே? அரசாங்கம் தடை செய்துவிட்டதே?

தாத்தா பாட்டிகள் கட்டாயம் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. தமிழ்நாடு 2022இல் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றமும் ஒரு சட்டம் கொண்டுவந்தது; பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை விதித்த அதே சட்டம், மின்னணு விளையாட்டுப் போட்டிகளையும் பணயம் இல்லாத விளையாட்டுகளையும் தனியாகப் பிரித்து, ஊக்குவிக்க வேண்டியவை என்கிறது. பிள்ளைகள் படிக்கப்போவது இந்த இரண்டாவது வகை.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லவேண்டும். பணம் வைத்து ஆடும் நிறுவனங்கள் நம் நாட்டில் நிறையப் பேருக்கு வேலை கொடுத்துவந்தன. அந்த வாசல் மூடியது புதிதாக வருபவர்களையும் பாதிக்கும். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஒருவருடைய சம்பளத்தைக் காலிசெய்ய பட்டனுக்கு எந்த நிறம் வைக்கலாம் என்று யோசிப்பதற்கு ஒரு பட்டப்படிப்பு தேவையில்லை.

பி.இ. கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்துவிட்டு, பிறகு கேம் பக்கம் போனால் போதாதா?

புரோகிராமர் ஆக நினைப்பவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். கேம் படிப்பு நடத்துகிற நானே இப்படிச் சொல்வது என் சக ஆசிரியர்கள் சிலருக்குப் பிடிப்பதில்லை. கேம் நிறுவனங்கள் புரோகிராமரிடம் எதிர்பார்ப்பது சி++ அல்லது சி#, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், கணிதம். இவை நல்ல பொறியியல் கல்லூரியில் கிடைக்கும். கேம் துறை தள்ளாடினால் வேறு மென்பொருள் வேலைக்கும் போகலாம். ஆனால் நான்கு ஆண்டுகளும் பருவத் தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு இறுதியாண்டில் ‘கேம் பக்கம் போகிறேன்’ என்றால் கையில் காட்ட ஒன்றும் இருக்காது. முதலாண்டிலிருந்தே விடுமுறைகளில் சின்னச் சின்ன கேம்களைச் செய்துவர வேண்டும்.

டிசைன், ஆர்ட், புரொடக்‌ஷன் பக்கம் போக நினைப்பவர்களுக்கு இந்த ஆலோசனை பொருந்தாது.

எல்லாமே யூடியூபில் இலவசமாக இருக்கிறதே, கல்லூரி எதற்கு?

மென்பொருளைக் கற்றுக்கொள்ள என்றால், எதற்கும் இல்லை. முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டர், கேம் உருவாக்கும் கோடோ இரண்டும் இலவசம், பாடங்களும் இலவசம், தமிழிலேயே சொல்லித்தருபவர்களும் இருக்கிறார்கள்.

யூடியூபில் கிடைக்காதவை இரண்டு. ஒன்று, நீங்கள் தேர்ந்தெடுக்காத ஐந்து பேரோடு, தேதி தவறாமல் ஒரு வேலையை முடிப்பது. குழுவில் ஒருவர் வரமாட்டார், இன்னொருவர் யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் மாற்றிவிடுவார், மூன்றாமவர் நேற்றுவரை ஓடிய கோப்பின் மேல் தன் பழைய கோப்பைப் பதிந்துவிடுவார். நிறுவனத்திலும் இதேதான் நடக்கும். இரண்டாவது, உங்கள் கேமை முன்பின் தெரியாத ஒருவர் ஆடும்போது வாயைத் திறக்காமல் பின்னால் நின்று பார்ப்பது. “அங்கே அழுத்துங்கள்” என்று சொல்லத் துடிக்கும் இடமெல்லாம் உங்கள் டிசைன் தோற்ற இடம். வாரந்தோறும் இந்த இரண்டையும் நடத்தாத கல்லூரிக்குப் பணம் கட்டுவதற்கு யூடியூபே மேல். குறுகிய காலத்தில் குழுவாக ஒரு கேமைச் செய்து முடிக்கும், ஜனவரியில் உலகெங்கும் நடக்கும் குளோபல் கேம் ஜாம் போன்ற நிகழ்வுகளில் கலந்துகொண்டால் கல்லூரியில் சேராமலேயே இதன் சுவையைக் கொஞ்சம் பார்க்கலாம்.

எந்த இன்ஜின் கற்றுக்கொள்ள வேண்டும்? லேப்டாப் எவ்வளவு விலையில் வாங்குவது?

இன்ஜின் என்பது கேமை உருவாக்கி ஓடவைக்கும் அடிப்படை மென்பொருள். மொபைல் கேம் வேலைகளுக்கு யூனிட்டி, பெரிய முப்பரிமாண வேலைகளுக்கு அன்ரியல், எளிய கணினியில் தொடங்க கோடோ. முதல் ஆண்டில் எதைப் பிடித்தாலும் சரி. ஒன்றில் ஒரு கேமை முடித்தவர் இன்னொன்றுக்கு மாறச் சில வாரங்கள் போதும். ஒரே இன்ஜினைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம் என்பதற்கு ஒரு காரணமும் உண்டு. 2023 செப்டம்பரில் யூனிட்டி நிறுவனம், கேம் நிறுவப்படும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் என்று திடீரென்று அறிவித்தது. எதிர்ப்பு வலுத்து, ஓராண்டு கழித்து அதைக் கைவிட்டது. அந்த இடைவெளியில் பலர் கோடோவுக்குப் போய்விட்டார்கள்.

லேப்டாப்பை முதல் பருவம் முடிந்து, எந்தப் பிரிவு என்று தெரிந்த பிறகு வாங்குங்கள். அன்ரியலும் முப்பரிமாண ஆர்ட்டும் என்றால் தனி கிராஃபிக்ஸ் கார்டும் 16 ஜிபி ராமும் இல்லாமல் கஷ்டம். டிசைன், புரொடக்‌ஷன் என்றால் வீட்டில் இருப்பதே போதலாம்.

வெளிநாட்டில் படித்தால் மதிப்பு அதிகமா?

சில இடங்களுக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டு. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் உள்ள அபர்டே பல்கலைக்கழகம் 1997இலேயே கணினி விளையாட்டுக்கென்று பட்டப்படிப்பு தொடங்கியது. ‘லெம்மிங்ஸ்’, முதல் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ ஆகியவற்றை உருவாக்கிய நிறுவனமும் அதே ஊர். அமெரிக்காவில் ரெட்மண்டின் டிஜிபென், முதுநிலைக்குக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஈடிசி ஆகியவை துறைக்குள் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள்.

கடன் வாங்கிப் போவதானால் கணக்கைக் கையில் எடுங்கள். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரையும், அடுத்த மாதம் சோனி சுமார் 900 பேரையும் வெளியேற்றுவதாக அறிவித்தன. அப்படி வெளியேறிய அனுபவசாலிகளோடுதான் புதிதாகப் பட்டம் வாங்கிய நம் பிள்ளை, விசா கெடுவுக்குள் வேலை தேடிப் போட்டிபோட வேண்டும். இங்கே ஒரு பட்டம், இரண்டு மூன்று ஆண்டு வேலை, பிறகு முதுநிலைக்கு வெளிநாடு என்ற வரிசைதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இங்கே வேலை எங்கே கிடைக்கும்? இரவும் பகலும் வேலை வாங்குவார்களாமே?

பெங்களூரு, புனே, ஹைதராபாத், மும்பை. ராக்ஸ்டார், ஜிங்கா பெங்களூரிலும், யூபிசாஃப்ட் புனேயிலும் மும்பையிலும், ஈஏ ஹைதராபாத்திலும் இயங்குகின்றன. பெங்களூரில் 1997இல் தொடங்கிய துருவா நிறுவனத்தை ராக்ஸ்டார் 2019இல் வாங்கியது. வெளிநாட்டு கேம்களுக்கு ஆர்ட் செய்துகொடுப்பதும் பிழை தேடுவதும்தான் முதல் வேலையாகப் பெரும்பாலும் அமையும். டிசைனர் என்ற பதவியில் நேரடியாகச் சேர்பவர்கள் குறைவு. டெஸ்டராக நுழைந்து டிசைனுக்கு நகர்ந்தவர்கள் பலர். தொடக்கச் சம்பளம் மென்பொருள் நிறுவனங்களில் கிடைப்பதைவிடக் குறைவாக இருக்கலாம் என்று எதிர்பார்த்தே வாருங்கள்.

வெளியீட்டுக்கு முந்தைய மாதங்களில் நேரம் காலம் பார்க்காமல் உழைக்கும் ‘கிரஞ்ச்’ உண்மைதான். அது வீரம் அல்ல. திட்டமிட்டவர்கள் உரிய நேரத்தில் எதையும் வெட்டாமல் விட்டதன் விளைவு. நேர்முகத் தேர்வில் “கடைசி கேம் வெளியாவதற்கு முன் வார வேலை நேரம் எவ்வளவு?” என்று நீங்களும் கேட்கலாம்.

ஏஐ வந்துவிட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து இந்த வேலைகளே இருக்குமா?

பீப்பாயும் பாறையும் செய்யும் வேலை குறையும் என்றே நினைக்கிறேன். கேம் ஆர்ட் மட்டும் சொல்லித்தரும் படிப்பில் சேருமுன் இதையும் யோசிக்க வேண்டும். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் கேம் வெளியிடுபவர்கள் ஏஐ பயன்படுத்தியிருந்தால் அறிவிக்கவேண்டும் என்ற விதி 2024 தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் கேம்களுக்குக் குரலும் உடலசைவும் தரும் நடிகர்கள் இதே பிரச்சினைக்காக 2024 ஜூலையிலிருந்து ஏறத்தாழ ஓராண்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். சண்டை இன்னும் முடியவில்லை. 15 ஆடா 14 ஆடா என்று ஆடிப் பார்த்துத் தீர்மானிக்கும் வேலையை இப்போதைக்கு எந்த இயந்திரமும் நன்றாகச் செய்து நான் பார்க்கவில்லை.

நம் ஊர்க் கதையைச் சொந்தமாக கேம் செய்து பிழைக்க முடியுமா?

முடிந்தவர்கள் இருக்கிறார்கள். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைக் களமாகக் கொண்டு, டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் உருவாக்கிய ‘வெண்பா’ 2023இல் வெளியானது. சிதைந்துபோன குறிப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இட்லி, புட்டு செய்வதுதான் ஆட்டம். அடுத்த ஆண்டு அறிமுகப் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. சில மணி நேரத்தில் முடிந்துவிடும் சிறிய கேம் அது. எதை வைப்பது, எதை விடுவது என்று தெரிந்து செய்திருக்கிறார்கள்.

ஸ்டீமில் ஒரு கேமை ஏற்ற 100 டாலர் கட்டணம், விற்பனையில் பொதுவாக 30 சதவீதம் அவர்களுக்கு. இட்ச் தளத்தில் இலவசமாகவே ஏற்றலாம். படிப்பு முடிந்த கையோடு இதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். வேலையில் இருந்துகொண்டே ஒரு சிறிய கேமை வெளியிட்டு, எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று பாருங்கள்.

கல்லூரியில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து செய்த கேமை விற்க நினைக்கிறோம். உரிமை யாருக்கு?

நம் பதிப்புரிமைச் சட்டப்படி படைப்பின் முதல் உரிமையாளர் பொதுவாக அதை உருவாக்கியவரே. மாணவர் கல்லூரியின் ஊழியர் அல்ல. ஆனால் சேர்க்கைப் படிவத்தில், மாணவர் திட்டப்பணிகளின் உரிமை கல்லூரிக்கு என்று ஒரு வரி இருந்து, நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால் கதை மாறும். அதை இப்போதே எடுத்துப் படியுங்கள்.

கல்லூரியைவிட அதிகம் சிக்கல் தருவது உங்கள் ஐந்து பேருக்குள்தான். யாருக்கு எத்தனை பங்கு, ஒருவர் விலகினால் அவர் வரைந்த படங்களைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா, பெயரை யார் வைத்துக்கொள்வது என்று ஒரு பக்கத்தில் எழுதி ஐவரும் கையெழுத்திடுங்கள். முதல் ரூபாய் வருவதற்கு முன்பே. கடைசியாக, கேமில் உள்ள பொருட்களைப் பட்டியலிடுங்கள். முப்பரிமாண மாடலிங் செய்யும் மாயா போன்ற மென்பொருள்களின் மாணவர் உரிமம் வணிகப் பயன்பாட்டுக்கு இல்லை. அதில் செய்த மாடல்களை வைத்து விற்க முடியாது. இணையத்தில் எடுத்த பின்னணி இசைக்கும் எழுத்துருவுக்கும் இதே சோதனை. மாற்ற வேண்டியவற்றை மாற்ற ஒரு மாதம் ஒதுக்குங்கள், பிறகு வெளியீட்டுத் தேதியை அறிவியுங்கள்.